2^61 − 1 பகா எண் அல்ல என்று நிரல் சொல்கிறது: பிழை எங்கே?

கேள்வி:
வணக்கம். மெர்சென் எண்கள் (2இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருபவை) பகா எண்களா என்று பார்க்கும் லூக்காஸ்–லெமர் சோதனையைச் சி மொழியில் எழுதியிருக்கிறேன். 4இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் மதிப்பை வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுக்கிறேன். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் 0 வந்தால் அது பகா எண். அடுக்கு 5 என்றால் 4, 14, 8, 0 என்று சரியாக வருகிறது. 31க்கும் சரியாகவே வருகிறது. ஆனால், பகா எண் என்று 1883இல் ரஷ்யக் கணிதவியலாளர் பெர்வுஷின் நிறுவிய 2^61 − 1க்கு 59 படிகள் முடிந்தும் 0 வரவில்லை. மாறிகள் எல்லாம் குறியற்ற 64 பிட் முழு எண்கள். மெர்சென் எண்ணை, அடுக்கு காணும் பவ் (pow) சார்பால் கணக்கிடுகிறேன்.

பதில் 1:
சோதனையை விடுங்கள், முதலில் அந்த மெர்சென் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். 2305843009213693951 வர வேண்டிய இடத்தில் 52இல் முடியும் இரட்டை எண் வரும். பவ் சார்பு தருவது தசம எண் வகை. அதில் 53 பிட்டுகள் மட்டுமே துல்லியமாக நிற்பதால், 2^61இலிருந்து 1 கழித்தாலும் விடை மீண்டும் 2^61 ஆகவே முழுமையாக்கப்படுகிறது. 64 பிட் முழு எண் 1ஐ 61 இடங்கள் இடப்பக்கம் நகர்த்தி, அதிலிருந்து 1ஐக் கழியுங்கள்.

கேட்டவர்:
நன்றி, எண் இப்போது 51இல் முடிகிறது. ஆனாலும் இறுதியில் 0 வரவில்லை.

பதில் 2:
எஞ்சியிருப்பது வர்க்கப்படுத்தும் வரி. 61 பிட் மதிப்பின் வர்க்கம் 122 பிட் வரை வளரும். 64 பிட்டுக்கு மேற்பட்ட பகுதியைச் சி மொழி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டிவிடுகிறது. அடுக்கு 31 என்றால் வர்க்கம் 62 பிட்டுக்குள் அடங்கிவிடும், அதனால்தான் அதுவரை பிழை வெளியே தெரியவில்லை. ஜிசிசி (GCC) கம்பைலர் தரும் 128 பிட் முழு எண் வகைக்கு மாற்றிய பின்பே பெருக்குங்கள். 64 பிட்டில் பெருக்கிவிட்டு விடையை மாற்றினால் பயனில்லை. வகுத்தலையும் தவிர்த்துவிடலாம். 2^61ஐ 2^61 − 1ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், வர்க்கத்தின் கீழ் 61 பிட்டுகளையும் அவற்றுக்கு மேலுள்ள பகுதியையும் கூட்டி, கூட்டல் அந்த எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் ஒருமுறை கழித்தால் போதும். மெர்சென் எண்களின் இந்தப் பண்பு மிக அழகானது. இவற்றைச் சோதிப்பது இவ்வளவு விரைவாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்டவர்:
0 வந்துவிட்டது! இந்த விடையை வேறு வழியில் சரிபார்க்க முடியுமா?

பதில் 2:
முடியும். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 122ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வர வேண்டும். வர்க்கமூலம் சுமார் 151 கோடி என்பதால், இந்த இரு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் ஏறத்தாழ 62 லட்சம் எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், கணினிக்கு அது சிறு வேலை. பகு எண்ணையும் நிரல் சரியாக இனங்காண்கிறதா என்று பார்க்க அடுக்கு 59ஐக் கொடுங்கள்: 2^59 − 1 என்பது 179951 × 3203431780337. ஆனால் 67ஐ இதே நிரலில் கொடுக்க வேண்டாம். மெர்சென் 1644இல் பகா எண் என்று பட்டியலிட்ட 2^67 − 1ஐ 193707721 × 761838257287 என்று 1903இல் கணிதவியலாளர் கோல் பிரித்துக் காட்டினார். நிரலும் பகு எண் என்றே சொல்லக்கூடும், ஆனால் அங்கே வர்க்கம் 134 பிட் வரை போய் மறுபடியும் வெட்டுப்படுவதால், அந்த விடையை நம்ப முடியாது. 64ஐத் தாண்டிய அடுக்குகளுக்குப் பைத்தானின் எல்லையற்ற முழு எண்களைப் பயன்படுத்துங்கள்.