பிணை நிபந்தனையும் பெட்ரோல் செலவும்: நீதிமன்றங்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டாமா?

கேள்வி: கம்பம் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா மகன் கொத்தனார் வேலை செய்பவன். ஊரில் நடந்த அடிதடி ஒன்றில் கைதாகிப் பிணையில் வந்திருக்கிறான். வழக்குப் பதிவான காவல் நிலையத்தில் தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. அவன் இப்போது குடியிருக்கும் ஊருக்கும் அந்த நிலையத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர். அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லாததால் இருசக்கர வாகனத்தில்தான் போய்வருகிறான். பெட்ரோலுக்கு மட்டும் நாளொன்றுக்கு இருநூறு ரூபாயை நெருங்குகிறது. கொத்து வேலைக்குக் காலை எட்டு மணிக்கே போய் நிற்க வேண்டும் என்பதால் அன்றைய கூலியும் போய்விடுகிறது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. காணொலி விசாரணை, மின்னணு முறையில் புகார், தடயவியல் என்று நிறையப் பேசினார்கள். ஆனால் குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவன், வழக்கை எதிர்கொள்வதற்காகவே கடன் வாங்கும் நிலையைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. சட்டச் சீர்திருத்தத்தில் எரிபொருள் செலவுக்கு இடம் உண்டா, அல்லது நான் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: வழக்கறிஞர், தென் மாவட்டம்

நீங்கள் குழப்பிக்கொள்ளவில்லை. தினமும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் கிடையாது. அது நீதிமன்றம் தன் விருப்புரிமையில் விதிக்கும் நிபந்தனை, நம் மாநிலத்தில் அது ஏறக்குறைய அச்சடித்த வாசகமாகவே ஆகிவிட்டது. மனுதாரரின் தொழில் என்ன, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதைப் பிணை மனுவிலேயே எழுதும் வழக்கம் எங்களிடம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கைப் பாருங்கள். அவரும் கொத்தனார்தான். கீழமை நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. பிணை கொடுக்க முன்வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடுவிக்கச் சொன்னார். பிணைத் தொகை ஏழையின் சக்திக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற பார்வை அப்போதே வந்துவிட்டது. அதே பார்வையை நிபந்தனைக்கும் நீட்டிக்க இன்னும் நமக்கு மனம் வரவில்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு நல்ல மாற்றம்தான்: இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் அவரை விடுவிக்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் இதெல்லாம் சிறைக்குள் இருப்பவரைப் பற்றியது. வெளியே வந்தவர் படும் பாட்டை அந்தப் பிரிவு தொடவில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற காவலர்

ஆயுதப்படையில் வழிக்காவல் பணி, அதாவது கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய்வரும் பணி, பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்த் தகராறு வழக்குகளில் ஒரு தரப்பைச் சில வாரங்கள் ஊருக்கு வெளியே தங்கவைத்து, வேறோர் இடத்தில் கையெழுத்திடச் சொல்வதால் அடுத்த அடிதடி நின்றுபோனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சாட்சி சொல்ல வேண்டியவர் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் திரிந்தால் அந்தச் சாட்சி நீதிமன்றப் படியேறுவாரா?

பெட்ரோல் விலையின் மேல் முழுப் பழியையும் போடுவதும் சரியல்ல. அரசுப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் உயரவே இல்லை. நேரத்துக்கு ஒரு பேருந்து இருந்திருந்தால் உங்கள் தம்பிக்கு வண்டியே தேவைப்பட்டிருக்காது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை கைதியை நேரில் முன்னிறுத்திய பிறகு, நீதிமன்றக் காவல் நீட்டிப்புக்குக் காணொலி போதும் என்று வந்த பின் எங்கள் துறைக்கு எவ்வளவோ டீசலும் ஆளும் மிச்சமாயின. அரசின் வண்டிக்குக் கிடைத்த சலுகை குடிமகனின் வண்டிக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் குடியிருக்கும் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே கையெழுத்து வாங்கினால் கண்காணிப்பும் கெடாது.

பதில் 3: வைகைக்கரை

காவலர் ஐயா சொன்ன பேருந்து வாதம் பாதிதான் சரி. கட்டணம் உயராவிட்டாலும், பேருந்து நிற்குமிடத்திலிருந்து நீதிமன்றத்துக்கோ சிறைக்கோ போக ஆட்டோதான் கதி. அதற்கு அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணத்தை இன்று யார் வாங்குகிறார்கள்? பெண்களுக்கான இலவசப் பயணமும் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். தேனியிலிருந்து மதுரை மத்திய சிறைக்கு மகனைப் பார்க்கப் போகும் தாய்க்கு அது உதவாது.

எரிபொருள் வரியைக் குறைத்தால் தீர்ந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது; 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலுமாக மத்திய அரசு கலால் வரியில் 13 ரூபாய் குறைத்தது; 2024 மார்ச்சில் விலை மேலும் 2 ரூபாய் இறங்கியது. இத்தனைக்குப் பிறகும் சென்னையிலேயே லிட்டர் 100 ரூபாய்க்குக் கீழே வரவில்லை. ஆகவே குறைக்க வேண்டியது பயணங்களின் எண்ணிக்கையை. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால்கூட இரண்டு முறைக்கு மேல் ஒத்திவைப்புக் கூடாது என்று புதிய சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் நீதிபதி விடுப்பு, அரசு வழக்கறிஞர் வரவில்லை, நகல் தயாராகவில்லை என்று வாய்தா நீண்டுகொண்டே போகிறது; அந்தச் செலவை ஒத்திவைப்புக்குக் காரணமானவர் ஏற்பதில்லை. ஏழைக் கைதிகளுக்காக 2023இல் மத்திய உள்துறை கொண்டுவந்த திட்டத்தில்கூட பிணைத் தொகைக்கு உதவி (தொடக்கத்தில் 40,000 ரூபாய் வரை) உண்டு, வெளியே வந்தபின் ஆகும் போக்குவரத்துக்கு ஒரு காசும் கிடையாது.

கம்பம் வாசகன்

மூவருக்கும் நன்றி. அருகிலுள்ள நிலையத்துக்கு மாற்றக் கேட்பது அவனுக்கும் ஏற்புடையதாக இருக்கிறது. அந்த மனுவை எங்கே தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் ஐயா?

வழக்கறிஞர், தென் மாவட்டம்

பிணை வழங்கிய அதே நீதிமன்றத்தில் நிபந்தனைத் தளர்வு மனுவாகத் தாக்கல் செய்யுங்கள். இதுவரை ஒழுங்காகக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதுதான் மனுவுக்கு வலு. ஆகவே உத்தரவு வரும்வரை ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. தூரம், பேருந்து நேரம், கூலி இழப்பு மூன்றையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி வாய்தா தொடங்கிய பிறகு, உரிய காரணம் இருக்கும் நாட்களில் நேரில் வராமலிருக்க அதே சன்ஹிதாவின் 355ஆம் பிரிவில் மனு போடலாம். பழைய சட்டத்தின் 317ஆம் பிரிவு மனுதான் அது.