லோ கீ லைட்டிங்: தமிழில் என்ன? (கொஞ்சம் அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முகப்பட ஒளியமைப்புக்குச் செய்முறைப் பட்டறை ஒன்று நடத்துகிறேன். கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். கீ லைட்டுக்கு முதன்மை ஒளி, ஃபில் லைட்டுக்கு நிரப்பொளி, ரிம் லைட்டுக்கு விளிம்பொளி என்று மற்றவை ஓரளவு தேறிவிட்டன. படத்தில் நிழலும் கருமையும் மேலோங்கி நிற்கும் லோ கீ லைட்டிங் மட்டும் உதைக்கிறது.

போன பட்டறையில் 'மங்கொளி' என்று போட்டிருந்தேன். படித்தவர்கள் நேரே போய் விளக்கின் திறனைக் குறைத்துவிட்டார்கள். முகம், முடி, பின்னணி எல்லாம் சேர்ந்து சாம்பல் பூசிக்கொண்டன. லோ கீயில் விளக்கு மங்குவதே இல்லை. பக்கவாட்டில் 45 பாகை, கண்மட்டத்துக்கு மேலே, ஒரே விளக்கு. ஒளி விழும் கன்னத்துக்குச் சரியான எக்ஸ்போஷர். எதிர்ப்பக்கத்தில் ரிஃப்ளெக்டரை எடுத்துவிட்டுக் கருப்பு அட்டையை நிறுத்துகிறோம். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும். இரு கன்னங்களுக்கும் 3 ஸ்டாப் வேறுபாடு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதாவது 8க்கு 1. பின்சுவர் வெள்ளையாக இருந்தாலும் கவலையில்லை. விளக்கிலிருந்து முகம் 1 மீட்டர், சுவர் 4 மீட்டர் என்றால் சுவருக்குப் போவது ஏறத்தாழ 16இல் ஒரு பங்குதான்.

படித்தவுடன் கை விளக்கின் பக்கம் போகாமல் நிழலின் பக்கம் போகிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

மா.

---

> கருப்பு அட்டையை

கறுப்பு அட்டை. கருப்பு என்றால் பஞ்சம். 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்பது தொல்காப்பிய உரியியல். அடுத்த நூற்பாவே நிறத்துக்கும் அவை உரியன என்றுவிடுகிறது. ஆக உங்கள் அட்டை சினம் கொண்ட அட்டையாக இருக்கலாம். பஞ்சத்தில் அடிபட்டதாக இருக்க முடியாது.

இனி சொல்லுக்கு வருவோம். அதே நூலின் இடையியலில் 'எல்லே இலக்கம்' என்று வருகிறது. எல் என்றால் ஒளி, பகல், ஞாயிறு. ஆனால் எல்லி என்றால் இரவு! ஒரே வேர் ஒளியையும் இருளையும் சுமந்து நிற்பதைப் பாருங்கள். இத்தாலியர் ஒளிக்கு ஒன்றும் இருளுக்கு ஒன்றுமாக இரண்டு சொற்களை ஒட்டித்தான் கியாரோஸ்கூரோ என்றார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. எல் + இருள் = எல்லிருள். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், விளக்கத் தேவையில்லை.

வ.

---

வ. ஐயா, எல்லிருள் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு 'எல்' என்றால் சட்டை அளவுதான் நினைவுக்கு வரும்.

இங்கே கீ என்பதைச் சாவி, திறவுகோல் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். படத்தின் ஒட்டுமொத்தத் தொனி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதுதான் பொருள். அதனால் 'தாழ்சுருதி ஒளியமைப்பு' எப்படி?

செ.

---

செ. தம்பி, சுருதி வடசொல். தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலை ஏற்கெனவே உண்டு. மெலிவொளி, சமனொளி, வலிவொளி என்று வைத்தால் லோ கீ, ஹை கீ மட்டுமல்ல, நடுவில் இருப்பதற்கும் பெயர் கிடைத்துவிடும். ஒற்றைச் சொல்லாக யோசிக்காமல் குடும்பமாக யோசிப்போமே.

இள.

---

இள. அம்மா, குடும்பம் அழகான குடும்பம். ஆனால் 'மெலிவொளி' என்று எழுதினால் மறுபடியும் விளக்கைத்தான் குறைப்பார்கள்! தாழ், மெலி, மங்கு எதுவும் ஒளியோடு ஒட்டக் கூடாது. ஒளி குறையவில்லை, நிழல் கூடியிருக்கிறது.

இன்னொன்று: ரெம்பிராண்ட் லைட்டிங்கை ரெம்பிராண்ட் ஒளியமைப்பு என்றே விட்டுவிடுகிறேன். நிழற்கன்னத்தில் விழும் முக்கோணம் கண்ணைவிட அகலமாகவும் மூக்கைவிட நீளமாகவும் போகக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுத்தாலே போதும். 1669இல் இறந்த டச்சு ஓவியரின் பெயரைத் தமிழ்ப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

மா.

---

நிழல் கூடியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். காரம் கூடினால் என்ன சொல்கிறோம்? காரம் தூக்கல். அப்படியானால் லோ கீ என்பது 'நிழல் தூக்கல்', ஹை கீ என்பது 'ஒளி தூக்கல்'. யாருக்கும் அகராதி வேண்டாம்.

செ.

---

அடுப்படிச் சொல் என்று தள்ள வந்தேன், தள்ள முடியவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 செய்யுள் உறுப்புகளில் 'தூக்கு' என்பதும் ஒன்று. பழைய குடிப்பிறப்புதான். ஆனால் பிரித்து எழுதக் கூடாது. நிழலின் தூக்கல் என்று வேற்றுமையாகக் கொண்டால் கல் + தூண் = கற்றூண் போல, நிழல் + தூக்கல் = நிழற்றூக்கல். கலைச்சொல் என்றால் ஒரு சொல்லாக நிற்க வேண்டாமா?

வ.

---

நிழற்றூக்கல் என்று போட்டால் மாணவர்கள் அடுத்த வகுப்புக்கு வர மாட்டார்கள் ஐயா. தவிர, நிழற்றுதல் என்றால் நிழல் தருதல். நிழற்று + ஊக்கல் என்று பிரித்தாலும் அதே வடிவம்தான் வரும். நிழல்தர ஊக்குவிப்பது என்று மரம் நடும் இயக்கத்துக்குப் போய்விடும்.

செ.

---

> மரம் நடும் இயக்கத்துக்கு

அதுவும் நல்ல காரியம்தானே. புணர்ச்சி வேண்டாம் என்றால் பிறகு எதற்கு இலக்கணம்? ஒளிப்படத்தைப் புகைப்படம் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை காலம் புகைந்துகொண்டிருக்கிறோம். எளிமை, எளிமை என்று...

வ.

---

புகைப்படமா, ஒளிப்படமா, நிழற்படமா என்ற வழக்கை இந்த இழையில் தயவுசெய்து திறக்க வேண்டாம். போன முறை 60 மடல் போனது, முடிவு வரவில்லை.

இள.

---

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். 'நிழல் தூக்கல்' பிரித்து எழுத 5 பேர், சேர்த்து எழுத வ. ஐயா, மெலிவொளிக்கு இள. அம்மா. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. நிழல் தூக்கல் என்றே போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே லோ கீ என்றும் இருக்கும். கோப்பு இன்று இரவு அச்சகத்துக்குப் போகிறது.

கருப்பைக் கறுப்பாக்கிவிட்டேன் ஐயா.

மா.

---

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் படத்திருத்த வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் 'அந்த நிழலைக் கொஞ்சம் தூக்கு' என்றால் இருண்ட பகுதியை வெளுக்க வை என்று பொருள். ஷேடோஸ் பட்டையை வலப்பக்கம் இழுப்போம். உங்கள் மாணவர் நிழல் தூக்கலாக எடுத்து வந்த படத்தில், எங்கள் ஆள் நிழலைத் தூக்கிவிட்டால் அந்தக் கறுப்பு அட்டை வைத்ததெல்லாம் வீண். இதை யாராவது யோசித்தீர்களா?

ப.

---

யோசிக்கவில்லை. கோப்பு போய்விட்டது.

மா.

---

நிழற்றூக்கல் என்று போட்டிருந்தால் யாரும் எதையும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

வ.