ஆல் போன்சாயில் கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது, எப்படி எடுப்பது?

மாடி_மதுரை:
மாடிக் கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து நாலு வருஷமாகிறது. அடிமரம் இப்போது கட்டைவிரலைவிடத் தடிப்பு. இடப்பக்கக் கிளை ஒன்று நேராக மேலே பார்த்து நின்றதால், வீடு கட்டியபோது மீந்த கட்டுக்கம்பியை இரண்டு இழையாக முறுக்கி, அதில் சுற்றிக் கிளையைத் தாழ்த்தினேன். அது சித்திரைக் கடைசியில். அப்புறம் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் ஊரிலேயே இருக்கும்படி ஆகிவிட்டது. ரெண்டரை மாதம் கழித்து வந்து பார்த்தால் மூன்று இடத்தில் கம்பி கண்ணுக்கே தெரியவில்லை, கிளை முறுக்குப் பிழிந்தது மாதிரி வீங்கியிருக்கிறது. நேற்று ஒரு முனையைப் பிடித்து அவிழ்க்கப் பார்த்தேன், பட்டையோடு பிய்ந்து பால் கொட்டியது, அப்படியே விட்டுவிட்டேன். எப்படி எடுப்பது? தழும்பு மறையுமா? எடுத்தால் கிளை மறுபடி மேலே போய்விடுமா?

தொட்டிமரம்_சேலம்:
அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். வெட்டித்தான் எடுக்க வேண்டும். நுனி சின்னதாக இருக்கிற கட்டிங் பிளேயர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக, கம்பி வெளியே தெரிகிற பக்கத்தில் நறுக்குங்கள். சின்னச் சின்னத் துண்டாக விழும். புதைந்த துண்டை மட்டும் மூக்கு பிளேயரால் பிடித்து, அது சுற்றியிருக்கிற வாக்கிலேயே மெதுவாக உருவுங்கள், நேராக இழுத்தால் பட்டை வந்துவிடும். பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தானாக நின்றுவிடும். ரெண்டு வாரம் உச்சி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

தழும்பு உடனே போகாது. ஆனால் ஆல் வேகமாகத் தடிக்கிற மரம், கிளை பருக்கப் பருக்க மேலோட்டமான தடம் மங்கிவிடும். ஆழமாக வெட்டுப்பட்ட இடம் கொஞ்சம் மேடாகவே நிற்கலாம்.

தப்பு நீங்கள் ஊருக்குப் போனதில் மட்டும் இல்லை, கம்பியிலும் இருக்கிறது. கட்டுக்கம்பி மெல்லிசு, துருவும் பிடிக்கும். மெல்லிய கம்பியால் தடித்த கிளையை நிறுத்த வேண்டுமென்றால் இறுக்கிச் சுற்றியே ஆக வேண்டும், அது கத்தி மாதிரி இறங்கும். கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிற அலுமினியக் கம்பி வாங்குங்கள். உங்கள் கிளை 9 மில்லிமீட்டர் என்றால் 3 மில்லிமீட்டர் கம்பி. அடிமரத்தில் ஒன்றிரண்டு சுற்று போட்டுப் பிடிமானம் கொடுத்துவிட்டு, கிளையில் 45 டிகிரி சாய்வாகக் கொண்டுபோங்கள், பட்டையைத் தொட்டுக்கொண்டு இருக்கணும், நெரிக்கக் கூடாது. வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி வருகிற மாதிரி சுற்றினால் கிளை கீறாது. சுற்றப் போகிற நாளுக்கு முன்தினம் தண்ணீர் விடாதீர்கள், லேசாக வாடிய கிளைதான் சொன்னபடி வளையும்.

பசுங்கிளை_நாகர்கோவில்:
மேலே சொன்னது சரி, ஆனால் ஆலுக்குக் கம்பியே அவசியமா என்று நான் கேட்பேன். சீனாவில் லிங்நான் முறை என்று ஒன்று உண்டு, அதில் முக்கிய வேலை கத்தரிக்குத்தான். கிளையை வளரவிட்டு, எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டுவார்கள். அது வளர்ந்து தடித்ததும் அடுத்த வெட்டு. இந்த வெயிலில் ஆல் வளர்கிற வேகத்துக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. கிளையைத் தாழ்த்த மட்டும்தான் வேண்டுமென்றால், கிளையில் ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி அதன்மேல் கயிறு கட்டி, தொட்டி விளிம்போடு இழுத்துக் கட்டுங்கள். ஒரே இடத்தில்தான் அழுத்தம், பார்த்துக்கொள்வதும் சுலபம்.

காகிதப்பூவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அதன் முற்றிய கிளையை வளைக்கவே வளைக்காதீர்கள். போன வருஷம் என்னிடம் ஒரு கிளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அடியோடு முறிந்தது, ஆறு வருஷ மரம், இன்னும் அந்தப் பக்கம் வெறுமையாக நிற்கிறது. பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும்.

மாடி_மதுரை:
ரொம்ப நன்றி. இன்று காலையில் வெட்டி எடுத்துவிட்டேன், பதினேழு துண்டு. ஒரு துண்டு மட்டும் முழுசாக மூடிக்கொண்டது, அதைத் தோண்டலாமா? கிளை ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது, மீதி அப்படியே நிற்கிறது.

தொட்டிமரம்_சேலம்:
தோண்ட வேண்டாம். பட்டை முழுசாக மூடியிருந்தால் அதைத் திறப்பதில்தான் காயம் அதிகம், விட்டுவிடுங்கள். ஒரு விரற்கடை ஏறினது பெரிய விஷயமில்லை, கிளை படிந்துவிட்டது என்று அர்த்தம். புதுத் துளிர் நன்றாக வந்த பிறகு, கயிறோ அலுமினியமோ, பழைய தடத்தில் படாமல் கட்டுங்கள். கட்டிய பிறகு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றும்போதே கம்பியைத் தொட்டுப் பாருங்கள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் நகம் நுழைந்தால் விடலாம். நுழையவில்லையா, கிளை படிந்ததோ இல்லையோ, அன்றைக்கே வெட்டுங்கள், வேண்டுமானால் மறுபடி சுற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் போகிற மாதிரி இருந்தால் கிளம்புவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?