ஒரே ஸ்டோரில் குளோரீன் பவுடர், அசிட், யூரியா: எப்படிப் பிரிப்பது?

கேள்வி (ஹட்டன் பக்கம், தோட்ட ஸ்டோர்)
வணக்கம். ஸ்டோர் ஒரே அறை, தகரக் கூரை. தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் 65% குளோரீன் பவுடர் 45 கிலோ டிரம் இரண்டு இருக்கிறது. பக்கத்திலேயே யூரியா மூட்டை, மேல் தட்டில் கழிப்பறை கழுவும் அசிட், வாசலோரம் டீசல் கேன். மழைக்குச் சுவர் கசியும். ஒரு டிரம்மில் பவுடர் மேலாகக் கட்டிபட்டுவிட்டது. உடைத்துப் பாவிக்கலாமா? தொட்டி 10,000 லீற்றர், நாளுக்கு ஒரு தடவை நிரம்பும்.

பதில் 1 (தலவாக்கலை)
உடைக்கவே வேண்டாம் தம்பி. கட்டிபட்டால் ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் பட்ட பவுடர் சிதையும்போது சூடாகும், அந்தச் சூடே மேலும் சிதைய வைக்கும். டிரம்மின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ மூடி உப்பியிருந்தாலோ எல்லாரையும் வெளியேற்றித் தீயணைப்புப் படைக்குச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் மூடியை இறுக்காமல், மழை படாத தனி இடத்துக்கு மாற்றி, விற்றவரிடமே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். ஓடையில் கொட்டினால் மீன் சாகும்.

இன்றைக்கே இறக்க வேண்டியது அந்த மேல் தட்டு அசிட்டைத்தான். ஒரு போத்தல் விழுந்து பவுடரில் பட்டால் அறை முழுக்கக் குளோரீன் வாயு. அது காற்றைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு பாரம், தரையோடு படர்ந்து சரிவில் இறங்கும். ஸ்டோருக்குக் கீழே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்தால் வாயு அங்கேதான் போகும். ஓடுகிறவர்கள் மேட்டுப் பக்கம், காற்று வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். லயத்து ஆட்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதில் 2 (பதுளை)
யூரியாவையும் லேசாக எடுக்காதீர்கள். யூரியாவும் குளோரீன் பவுடரும் கலந்தால் நைதரசன் முக்குளோரைட்டு உண்டாகலாம், அது வெடிக்கும். மூட்டை மாறிக் கொட்டுவது அபூர்வம். யூரியா அள்ளிய கோப்பையையே டிரம்முக்குள் விடுவதுதான் வழக்கமான பிழை. சிரட்டை, சாக்கு, எண்ணெய்த் துணி, டீசல் பட்ட கை எதுவும் பவுடரில் படக்கூடாது. டிரம்முக்கென்று காய்ந்த பிளாஸ்டிக் கோப்பை ஒன்று, அதற்கு மட்டும்.

தொட்டி கழுவ லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்றால் 10,000 லீற்றருக்கு 500 கிராம் குளோரீன் வேண்டும். 65% பவுடரில் அது சுமார் 770 கிராம். 30% ரி.சி.எல். (ப்ளீச்சிங் பவுடர்) என்றால் 1.7 கிலோ. டிரம்மில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்க்காமல் அளக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பவுடர்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். துணி மாஸ்க் வாயுவை மறிக்காது, அமில வாயுவுக்கான வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

தீ பிடித்தால் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் வேண்டாம், அதில் இருக்கும் அமோனியம் உப்பும் குளோரீன் பவுடரோடு தாக்கமடையும். நிறையத் தண்ணீர்தான்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. இன்னொரு அறை கட்டக் காசு ஒதுக்க மாட்டார்கள். அதற்கு என்ன செய்வது?

பதில் 1
கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அன்றாடத் தண்ணீருக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரீன் என்றால் 10,000 லீற்றருக்கு நாளுக்கு ஏறக்குறைய 15 கிராம் பவுடர். ஒரு 45 கிலோ டிரம் எட்டு வருடத்துக்குப் போதும், உங்களிடம் இரண்டு இருக்கிறது. இவ்வளவு நாள் கிடந்தால் வீரியமும் குறையும், ஈரமும் ஏறும். 5 கிலோ வாளியாக வாங்கினால் தரைமட்டத்தில் காற்றுத் துளை வைத்த சின்னத் தகர அலுமாரி ஒன்று, கூரை நீளும் வெளிச்சுவரில், போதும். வாளியைப் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள், பலகையில் அல்ல. அசிட் மறு பக்கக் கட்டிடத்துக்குப் போகட்டும்.