மறு: டிரை ரன் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> அண்ணே, என் நிரலின் சீராய்வில் "டிரை ரன் வசதி இல்லை, சேர்க்கவும்" என்று எழுதியிருந்தீர்கள். சேர்த்துவிடுகிறேன். உதவிச் செய்தியில் தமிழில் என்ன போடட்டும்? உலர் ஓட்டம்?

உலர் ஓட்டம் வேண்டாம், தம்பி. படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. டிரை ரன் என்பது, நிரல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் நிற்கும் வசதி.

முதலில், நான் ஏன் அதைக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பெர்ல் மொழியில் நீங்கள் எழுதிய நிரல் ஒவ்வொரு பொதிக்கும் (மென்பொருள் தொகுப்புக்கும்) கடைசி இரண்டு பதிப்புகளை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறது. ஆனால் வரிசைப்படுத்த வெறும் சார்ட் போட்டிருக்கிறீர்கள். அது எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். 1.8, 1.9, 1.10 மூன்றும் இருந்தால் 1.10 முதலில் போய் நிற்கும், ஆகப் புதிய பொதியே அழியும். பதிப்பு ஒப்பிட, பொதிகளை நிறுவும் டிபிகேஜி கருவியிலேயே கட்டளை இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். கோப்புகளை அழிக்கும் பெர்ல் கட்டளையான அன்லிங்க் எத்தனை கோப்பை அழித்தது என்று எண்ணிச் சொல்லும், அதையும் சரிபாருங்கள். அழிக்கும் வரிகள் மூன்று இடத்தில் கிடக்கின்றன. ஒரே செயற்கூறுக்குள் (ஃபங்ஷனுக்குள்) கொண்டுவந்தால் "நிஜமாகச் செய்யவா, சொல்லிவிட்டு நிற்கவா" என்ற கேள்வியை ஓரிடத்தில் கேட்டால் போதும். பொதி கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர் கருவியும் பெர்லில் எழுதியதுதான், அதன் டூஇட் செயற்கூறைப் படித்துப் பாருங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> வெள்ளோட்டம் இருக்கிறதே, அதைவிட நல்ல சொல் கிடைக்குமா?

அருமையான சொல்தான். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் தேர் வெள்ளோட்டத்தை நினைத்துப் பாருங்கள். புதுத்தேர் செய்தாலும் பழைய தேரைச் செப்பனிட்டாலும் வடம் பிடித்து வீதியில் நிஜமாகவே இழுக்கிறார்கள். உற்சவர் மட்டும்தான் தேரில் இல்லை. அச்சு முறிந்தால் நிஜமாகவே முறியும். டிரை ரன்னில் சக்கரமே அசையாது. ஒரு கணினியில் மட்டும் புதுப் பொதியை நிறுவிப் பார்க்கிறோமே, அதற்கு வெள்ளோட்டத்தை வைத்துக்கொள்வோம். ஒத்திகையிலும் இதே சிக்கல்தான், நடிகர் மேடை ஏறி நடித்துத்தான் ஆக வேண்டும்.

என் பரிந்துரை சிட்டை.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் வளவில் உட்கார்ந்து முதலில் சாமான் சிட்டை போடுவார்கள். எங்கள் ஐயா ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். "அரிசி இவ்வளவு போதாது" என்று ஆச்சி ஒரு பக்கம் திருத்துவார். எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகுதான் காரைக்குடிக் கடைக்கு ஆள் போகும். அதுவரை ஒரு காசு செலவாகியிருக்காது. டிரை ரன் செய்வதும் இதையேதான்: என்ன செய்யப் போகிறேன் என்று வரிவரியாகச் சொல்லிவிட்டு எதையும் தொடாமல் நிற்கிறது.

கடைக் கணக்குச் சிட்டை நடந்து முடிந்ததை எழுதுவதாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது: சிட்டையில் அடித்துத் திருத்தலாம், பேரேட்டில் ஏறிவிட்டால் அது கணக்கு. ஆனாலும் நான் எடுத்துக்கொள்வது கல்யாண வீட்டுச் சிட்டையைத்தான்.

பொதிகளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஆப்ட்-கெட் கட்டளையில் இந்த ஒரே வசதிக்கு ஐந்து பெயர்கள் உண்டு: சிமுலேட், ஜஸ்ட்-பிரின்ட், டிரை-ரன், ரீகான், நோ-ஆக்ட். அவற்றில் ஜஸ்ட்-பிரின்ட் என்பது "சிட்டை மட்டும்" என்று அப்படியே வந்து உட்காருகிறது. பெயராகச் சிட்டையோட்டம் என்று வைக்கலாம். வினைக்குப் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை, "அழிக்கும் முன் சிட்டை போட்டுப் பார்" என்றால் யாருக்கும் புரியும்.

உதவிச் செய்திக்கு இந்த வரியை முன்வைக்கிறேன்:

சிட்டை மட்டும்: அழிக்கவிருக்கும் பொதிகளை வரிசையாகக் காட்டும், எதையும் அழிக்காது.

கொங்குப் பக்கத்து நண்பர்களும் ஈழத்து நண்பர்களும் சிட்டை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது என்று எழுதுங்கள். ரசீது என்றுதான் தோன்றுகிறது என்றால் மாற்றி யோசிப்போம். தம்பி, சொல் முடிவாகக் காத்திருக்க வேண்டாம், சார்ட் வரியை இன்றே திருத்திவிடுங்கள்.