இனப் பெருமிதமும் வளரிளம் பருவத்துப் போதைப் பழக்கமும்: நம் கடற்கரைக்குப் பொருந்துமா?

கேள்வி (தங்கச்சிமடம்)
இங்கே மாலை வகுப்பு நடத்துகிறேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் சிலர் புகையிலைப் பொட்டலத்தை உதட்டில் ஒதுக்கிக்கொண்டே வந்து அமர்கிறார்கள். அமெரிக்காவின் ஹிஸ்பானிய (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) இளையோரில், தம் இனத்தைக் குறித்துப் பெருமிதம் உள்ளவர்கள் போதையை நாடுவது குறைவு என்று படித்தேன். கடலோடி மரபின் பெருமையைச் சொல்லிக்கொடுத்தால் இங்கும் பயன் இருக்குமா?

மறுமொழி (தொண்டி)
ஐயா, பெருமிதத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. மார்சிலியா, குலிஸ், ஹெக்ட் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தென்மேற்கு அமெரிக்க நகரமொன்றின் ஏழாம் வகுப்பு மாணவர்களிடையே, பெருமிதம் மிக்க மெக்சிகோ வழிப் பிள்ளைகளிடம் பழக்கம் குறைவாகவும், பெருமிதம் மிக்க வெள்ளையினப் பிள்ளைகளிடம் கூடுதலாகவும் காணப்பட்டது. குடியேறி வந்த பிள்ளைகளைவிட அங்கேயே பிறந்தவர்களிடம் பழக்கம் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காப்பது பெருமிதம் என்பதைவிட, அதனோடு வரும் குடும்பக் கட்டும் பெற்றோரின் கண்காணிப்பும்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி (கீழக்கரை)
பெருமை என்று பேச்செடுத்தால் நம் மாவட்டத்தில் அது சாதிக் கயிறாகக் கையில் ஏறிவிடும் என்பதே என் அச்சம். மேலும், கடலுக்குப் போய்வந்த அலுப்புக்குக் குடிப்பதையே ஆண்மையாகக் கண்டு வளரும் பையன், அந்தப் பெருமையிலிருந்து எதை எடுத்துக்கொள்வான்? அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரப் பள்ளிகளில் ‘கீப்பின் இட் ரியல்’ என்ற பாடத்தை மெக்சிகோ வழி மாணவர்களுக்கென ஒரு வடிவிலும், பல இனத்தாருக்கும் பொதுவான இன்னொரு வடிவிலும் நடத்திப் பார்த்தார்கள். பொது வடிவமும் பயன் தந்தது. மறுப்பது, காரணம் சொல்வது, தவிர்ப்பது, இடத்தைவிட்டு விலகுவது ஆகிய நான்கையும் பழக்குவதே அந்தப் பாடம். இதற்குக் குலப்பெருமை தேவையில்லை.

மறுமொழி (மண்டபம்)
மியாமியில் தொடங்கிய ‘ஃபமிலியாஸ் உனிதாஸ்’ திட்டம் ஹிஸ்பானியப் பெற்றோரையே குழுவாக அமர்த்திப் பேசவைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாக்களும் ஊரில் இருப்பார்கள். அப்போது அவர்களை அழையுங்கள். பழக்கம் முற்றிய பிள்ளை என்றால் 14446 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது.

கேட்டவர்
நன்றி. பள்ளிக்கூடம் என்றால் அப்பாக்கள் தயங்குவார்கள். வலை பின்னும் கொட்டகையிலேயே கூட்டத்தை வைத்துக்கொள்கிறேன். பெருமைப் பேச்சு வேண்டாம். அந்த நான்கையும் பையன்களுக்கு நடிக்கக் கொடுக்கிறேன்.