சத்துமாவு குடுத்தும் குழந்தை வளரலன்னா பிரச்சனை குடல்லயா?

கேட்டது: பால்வாடி_மருமகள்

எங்க மாமியார் அங்கன்வாடில இருக்காங்க. அங்க வர்ற ஒன்றரை வயசு பாப்பா சத்துமாவுக் கஞ்சி, முட்டைனு குடுக்கறத ஒழுங்கா சாப்பிடுது, அம்மாவும் நல்லா தான் பாத்துக்கறாங்க, ஆனா வளர்ச்சி சார்ட்ல கோடு மேல ஏறவே மாட்டேங்குது, அப்பப்ப வயித்தாலயும் போகுது. இப்ப வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, எல்லாம் குடல் பாக்டீரியா தானாம், டாக்கால வாழைக்காய் குடுத்தே சரி பண்ணிட்டாங்களாம். நிஜமா? மெடிக்கல் ஷாப்ல ப்ரோபயாடிக் பவுடர், அதான் நல்ல பாக்டீரியா இருக்கற பவுடர், வாங்கிக் குடுங்கன்னு வேற சொல்றாங்க.

குடல்புராணம்

பாதி நிஜம். டாக்கா ஆய்வு உண்மையிலயே நடந்தது, ஆனா வெறும் வாழைக்காய் இல்ல.

முதல்ல குடல். சிறுகுடல் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி குடலுறிஞ்சிகள் நிக்கும்ல, ஸ்கூல்ல படம் வரைஞ்சிருப்பீங்க. மலக்கிருமி கலந்த தண்ணி, மண்ணுனு சின்ன வயசுலேர்ந்து உள்ள போயிட்டே இருந்தா அது கட்டையாகி மழுங்கிடும், சாப்பிட்டது சரியா உறிஞ்சாது, போதாததுக்கு குடல் சுவரும் கசிய ஆரம்பிச்சு பாக்டீரியா துணுக்கெல்லாம் ரத்தத்துக்குள்ள போகும், உடம்பு எப்பவும் ஏதோ இன்ஃபெக்ஷனோட சண்டை போடற மாதிரியே இருக்கும், வளர்றதுக்கான ஹார்மோன் சிக்னல் அடங்கிடும். இதுல பேஜாரு என்னன்னா வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, வயித்தால போகணும்னு கூட அவசியம் இல்ல. 1960கள்ல கிழக்கு பாகிஸ்தானுக்கு (இப்ப பங்களாதேஷ்) வேலைக்கு வந்த அமெரிக்க பீஸ் கோர் தன்னார்வலர்களுக்கே குடல் இப்படி ஆச்சு, ஊருக்குத் திரும்பினப்புறம் மெல்ல சரியாச்சு. அதனால இது பரம்பரை சமாச்சாரம் இல்ல.

அடுத்து பாக்டீரியா. வயசுக்கு ஏத்த மாதிரி குடல் பாக்டீரியா கூட்டமும் மாறிட்டே வரும். குடல் பாக்டீரியா ஆராயற அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கார்டனோட டீமும் டாக்கால இருக்கற ஐசிடிடிஆர்,பிங்கற வயித்துப்போக்கு ஆராய்ச்சி நிலைய டீமும் சேர்ந்து 2014ல பாத்தப்ப, கடுமையா மெலிஞ்ச குழந்தைங்களுக்கு அந்தக் கூட்டம் வயசுக்கேத்த மாதிரி முதிராம, இன்னும் சின்னக் குழந்தையோடது மாதிரியே இருந்துச்சு, வழக்கமான சிகிச்சை உணவு குடுத்தப்ப கொஞ்சம் முன்னேறி, நிறுத்தினதும் பழைய நிலைக்கே போயிடுச்சு. சரி, நோயால தான் பாக்டீரியா மாறிச்சோன்னு கேக்கலாம். அதுக்கு 2013ல ஆப்பிரிக்க நாடான மலாவில பண்ண ஆய்வு இருக்கு, இரட்டைக் குழந்தைல ஒண்ணுக்கு மட்டும் குவாஷியோர்கர் (உடம்பு வீங்கற கடுமையான சத்துக்குறைவு) வந்த ஜோடிங்க, அந்தக் குழந்தையோட மலத்த கிருமியே இல்லாத எலிக்கு மாத்தி மலாவி சாப்பாடும் போட்டா எலி மெலியுது, நல்லா இருந்த கூடப்பொறந்ததோட மலம்னா அந்தளவுக்கு மெலியல.

அப்புறம் தான் நீங்க கேட்ட டாக்கா ஆய்வு, அங்க மிர்பூர்ங்கற ஏரியால, 2021ல வெளியானது. கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய், கூட எண்ணெய், சர்க்கரை, விட்டமின் மிக்ஸ். 12லேர்ந்து 18 மாசக் குழந்தைங்க, 3 மாசம். அரிசி, பருப்பு, பால் பவுடர் போட்ட வழக்கமான உணவ விட இதுல கலோரி கம்மி, ஆனா எடை இதுல தான் நல்லா ஏறிச்சு. எனக்கு இதுல பிடிச்சதே இந்த இடம் தான். ஆனா முழுசா முடிச்சது 118 குழந்தைங்க தான், சின்ன ஆய்வு, அதுவும் மிதமா மெலிஞ்ச குழந்தைங்க.

ரசம்சாதம்

அப்போ கக்கூஸ் கட்டி நல்ல தண்ணி குடுத்தா முடிஞ்சுதே, எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?

குடல்புராணம்

எல்லாரும் அப்படித்தாங்க நினைச்சாங்க. பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வேனு மூணு பெரிய சோதனை பண்ணி 2018, 2019ல ரிசல்ட் வந்துச்சு, கழிப்பறை, சோப்பு, தண்ணி சுத்திகரிப்பு எல்லாம் குடுத்தும் குழந்தைங்க உயரம் கூடல. கூடுதல் உணவு குடுத்த குரூப்ல தான் கொஞ்சம் ஏறிச்சு. கழிப்பறை வேணாம்னு அர்த்தம் இல்ல, ஒரு வீட்டுக்கு மட்டும் கட்டிட்டு கோழியும் சாக்கடையும் வாசல்லயே இருந்தா குழந்தை வாய்க்குள்ள போறது எப்படிங்க குறையும்.

வேலூர்க்காரி

எங்க ஊரும் இதுல இருக்கு. மால்-எட்னு எட்டு நாட்டுல பண்ண ஆய்வுல டாக்கா மாதிரி வேலூரும் ஒரு இடம். அதுல தெரிஞ்சது, வயித்தால போகாத குழந்தை மலத்துல கூட ஷிகெல்லா, ஜியார்டியா மாதிரி கிருமி இருந்தா அது வளர்ச்சிய பாதிக்குதுன்னு. நான் நர்ஸா இருக்கேன், அதனால சொல்றேன், அந்த பாப்பாவ முதல்ல ஆஸ்பத்திரில காட்டுங்க. டிபி, ரத்தசோகை, பால் ஒத்துக்காததுனு பாக்க வேண்டியது நிறைய இருக்கு, எல்லாத்தையும் பாக்டீரியா தலைல கட்ட முடியாது. மேல்கை சுற்றளவு டேப்ல 11.5 செமீக்குக் கீழ இருந்தாலோ, ரெண்டு காலும் வீங்கி அழுத்தினா குழி விழுந்தாலோ அன்னைக்கே கூட்டிட்டு போகணும்.

பால்வாடி_மருமகள்

டேப் மாமியார்கிட்டயே இருக்காம், நாளைக்கு அளந்து பாக்கறாங்க. ப்ரோபயாடிக் பவுடர் வேணாமா அப்போ? கடலை மாவும் வாழைக்காயும் வீட்லயே அரைச்சு குடுக்கலாமா?

குடல்புராணம்

பவுடர் வேணாம், எந்த பாக்டீரியா எவ்ளோ இருக்குன்னே தெரியாம கடை டப்பாவ நம்பாதீங்க. வாழைக்காய் நல்லா வேகவெச்சு மசிச்சு, கொண்டைக்கடலை சேத்து சாப்பாட்டோட குடுக்கலாம், ஒண்ணும் ஆகாது, ஆனா அது அந்த டாக்கா ரெசிபி ஆயிடாது, அதுல அளவு, விட்டமின் மிக்ஸ் எல்லாம் கணக்கு. முட்டையையும் சத்துமாவையும் நிறுத்திட்டு இதக் குடுத்துடாதீங்க. வேர்க்கடலைய முழுசா குடுக்கவே கூடாது, மூச்சுக்குழாய்ல மாட்டிக்கும்.

வேலூர்க்காரி

வயித்தால போறப்ப ஓஆர்எஸ் குடுக்கணும், கூட ஜிங்க் 14 நாள், நடுவுல போறது நின்னாலும் ஜிங்க்க நிறுத்தக் கூடாதுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லச் சொல்லுங்க. நிறைய பேர் மூணாம் நாளே விட்டுடறாங்க.